ஃபீட்டோமெட்ரி: ஸ்கேன் அறிக்கையில் சிசுவின் அளவுகளைப் படிப்பது எப்படி?

ஃபீட்டோமெட்ரி என்னும் சொல்லை நம் ஊர் மகப்பேறு மருத்துவமனைகளில் அநேகமாகக் கேட்க முடியாது. இங்கே மருத்துவர்களும் ஸ்கேன் எடுப்பவர்களும் ‘ஃபீட்டல் பயோமெட்ரி’ என்பார்கள். பெரும்பாலும் ‘மெஷர்மென்ட்ஸ்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஜெர்மன், ரஷ்ய மருத்துவ எழுத்தில் ஃபீட்டோமெட்ரி என்பதே அன்றாட வழக்கு. ரஷ்யாவில் மருத்துவம் படிக்கும் தமிழ்நாட்டு மாணவர்கள் அங்குள்ள மகப்பேறுப் பிரிவுக்குப் பயிற்சிக்குச் செல்லும்போது, ஸ்கேன் அறிக்கைகளில் இச்சொல்லைத்தான் காண்பார்கள். கருப்பையில் இருக்கும் சிசுவின் தலை, வயிறு, தொடையெலும்பு ஆகியவற்றை அளந்து, அந்த அளவுகளைக் கொண்டு கர்ப்பத்தின் வயதையும் சிசுவின் எடையையும் வளர்ச்சியின் போக்கையும் கணிக்கும் முறைக்கு ஃபீட்டோமெட்ரி என்று பெயர்.

இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் சொற்கள் இரண்டு உண்டு. எம்ப்ரியாலஜி என்பது கருவுற்ற நாளிலிருந்து உறுப்புகள் உருவாகும் முறையை ஆராயும் துறை. ஃபீட்டாலஜி என்பது வயிற்றிலிருக்கும் சிசுவையே ஒரு நோயாளியாகக் கருதி அதற்கு நோயறிந்து சிகிச்சை செய்யும் துறை. நியூசிலாந்தில் வில்லியம் லைலி 1963ஆம் ஆண்டு கருப்பைக்குள்ளேயே சிசுவுக்கு இரத்தம் ஏற்றியதைத் தொடர்ந்து வளர்ந்த துறை அது. ஃபீட்டோமெட்ரியோ அளவை மட்டுமே குறிக்கும். ஆகவே ‘சிசுவுக்கு ஃபீட்டோமெட்ரி செய்ததில் இதயத்தில் ஓட்டை தெரிந்தது’ என்று எழுதினால் அது தவறான பயன்பாடு. ‘ஃபீட்டோமெட்ரியில் வயிற்றுச் சுற்றளவு குறைவாக இருந்தது’ என்பது சரியானது.

இதை ஒவ்வொரு குடும்பமும் ஓரளவேனும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஸ்கேன் முடிந்து கையில் கொடுக்கப்படும் காகிதத்தை மருத்துவரிடம் காட்டுவதற்கு முன்பே வீட்டில் நான்கு பேர் படித்துவிடுகிறார்கள். ‘தலை ரெண்டு வாரம் சின்னதா இருக்காம்’, ‘வெயிட் கம்மியாம்’ என்று பேச்சு கிளம்பி, அந்த இரவு அந்தப் பெண் தூங்குவதில்லை. இந்த அச்சங்களில் பல, எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்று தெரியாததால் வருகின்றன. உண்மையில் கவனிக்க வேண்டிய எண்ணைக் கவனிக்காமல் விடுவதும் அதே காரணத்தால்தான்.

முதலில் வயது, பிறகு அளவு

அறிக்கையில் எந்த அளவையும் பார்ப்பதற்கு முன், கர்ப்பத்தின் வயது எந்த ஆதாரத்தில் கணக்கிடப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். எல்.எம்.பி. என்பது கடைசி மாதவிலக்கின் முதல் நாள். அந்த நாளிலிருந்து 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள் கூட்டினால் ஈ.டி.டி. எனப்படும் பிரசவத் தேதி வரும். கரு உண்டாவது மாதவிலக்குக்குச் சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான் என்றாலும் எண்ணிக்கை மாதவிலக்கிலிருந்தே தொடங்குகிறது. எனவே ‘6 வாரக் கர்ப்பம்’ என்னும்போது கருவின் உண்மையான வயது ஏறக்குறைய 4 வாரம்தான். கணவர் வெளிநாட்டிலிருந்து வந்த தேதியை வைத்து ஐயப்படும் பேச்சுகள்கூட இந்தக் கணக்கு தெரியாததால் எழுகின்றன என்பதால் இதை வெளிப்படையாகச் சொல்கிறேன்.

மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்களுக்கும் தேதி நினைவில்லாதவர்களுக்கும் எல்.எம்.பி. நம்பகமானதன்று. அங்கே முதல் மூன்று மாத ஸ்கேனில் எடுக்கும் சி.ஆர்.எல்., அதாவது உச்சந்தலையிலிருந்து புட்டம் வரையிலான நீளம், துணைக்கு வருகிறது. கிளாஸ்கோவில் ஹ்யூ ராபின்சன் 1973ஆம் ஆண்டு வெளியிட்ட இந்த அளவு இன்றுவரை கர்ப்பத்தின் வயதைக் கணிக்க மிக நம்பகமானதாக இருப்பதற்குக் காரணம், அந்தப் பருவத்தில் குழந்தைகள் அனைவரும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வளர்வதுதான். பெற்றோர் உயரமானவர்களோ குட்டையானவர்களோ, 10 வாரக் கரு 10 வாரக் கருவின் நீளத்தில்தான் இருக்கும். ஆகவே 9 முதல் 14 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேனும் எல்.எம்.பி. கணக்கும் 7 நாட்களுக்கு மேல் வேறுபட்டால், ஸ்கேன் தேதியை ஏற்றுப் பிரசவத் தேதியை மாற்றி எழுதுவார்கள். 9 வாரத்துக்கு முன்பு என்றால் 5 நாட்களுக்கு மேல் வேறுபட்டாலே மாற்றுவார்கள்.

இப்படி ஒருமுறை தேதி முடிவாகிவிட்டால் அதற்குப் பிறகு அதை மாற்றக் கூடாது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். காரணம் இதுதான்: ஒவ்வொரு ஸ்கேனின்போதும் இயந்திரம் அன்றைய அளவுகளை வைத்துப் புதிதாக ஒரு பிரசவத் தேதியைக் கணக்கிட்டு அச்சிட்டுவிடுகிறது. 32ஆம் வாரத்தில் எடுத்த ஸ்கேனில் குழந்தை சற்றுச் சிறியதாக இருந்தால் அந்தப் புதிய தேதி பத்துப் பதினைந்து நாள் தள்ளிப்போய் நிற்கும். ‘டேட் தள்ளிப்போச்சு’ என்று வீட்டில் நிம்மதியாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் தேதி தள்ளிப்போகவில்லை. குழந்தையின் வளர்ச்சி பின்தங்கியிருக்கலாம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. கடைசி மூன்று மாதங்களில் அளவுகளை மட்டும் கொண்டு வயதைக் கணித்தால் மூன்று வாரம் வரை பிழை வரும். ஆகவே பின்னாளைய ஸ்கேன்களில் அச்சாகும் ‘ஸ்கேன் ஈ.டி.டி.’யைப் பிரசவத் தேதியாகக் கொள்ளாதீர்கள். முதல் ஸ்கேனில் முடிவான தேதியைத் தாய்சேய் நல அட்டையின் முன்பக்கத்தில் எழுதி வைத்து, எல்லா அளவுகளையும் அதனோடுதான் ஒப்பிட வேண்டும்.

நான்கு அளவுகள்

14 வாரத்துக்குப் பிறகு சிசு மடங்கியும் நீண்டும் கிடப்பதால் சி.ஆர்.எல். பயன்படாது. அதன்பின் அறிக்கையில் நான்கு எழுத்துச் சுருக்கங்கள் வரிசையாக வரும். பி.பி.டி. என்பது தலையின் குறுக்களவு. மண்டையின் ஒரு பக்கச் சுவரெலும்பிலிருந்து மறுபக்கம் வரை. எச்.சி. என்பது தலைச்சுற்றளவு. ஏ.சி. என்பது வயிற்றுச் சுற்றளவு. எஃப்.எல். என்பது தொடையெலும்பின் நீளம். இவை நான்கையும் ஒரு சூத்திரத்தில் இட்டு வரும் உத்தேச எடைக்கு ஈ.எஃப்.டபிள்யூ. என்று பெயர். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஃபிராங்க் ஹேட்லாக் 1980களில் உருவாக்கிய சூத்திரங்களே பெரும்பாலான ஸ்கேன் இயந்திரங்களில் இன்றும் இருக்கின்றன.

அளவு எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அதன் நம்பகத்தன்மை அமைகிறது. இதை அறிக்கையோடு தரும் படங்களில் நீங்களே ஓரளவு பார்க்கலாம். தலையை அளந்த படத்தில் மண்டையோடு முட்டை வடிவில் வெள்ளைக் கோடாகத் தெரியும். நடுவே நீளவாக்கில் ஒரு கோடு ஓடும். முன்பக்கத்தில் அந்தக் கோடு ஒரு சிறு பெட்டி போன்ற இடத்தில் விட்டுத் தொடரும். தலைச்சுற்றளவுக்கான புள்ளிக்கோட்டு வட்டம் தோலின்மேல் அல்லாமல் எலும்பின் வெளிவிளிம்பின்மேல் பொருந்தியிருக்க வேண்டும். வயிற்றின் படம் கூடியவரை முழு வட்டமாக இருக்க வேண்டும்; உள்ளே இரைப்பை ஒரு கருங்குமிழியாகத் தெரியும்; சிறுநீரகங்கள் தெரிந்தால் வெட்டு கீழே இறங்கிவிட்டது என்று பொருள். இங்கே வட்டம் தோலின் வெளிவிளிம்பில் அமையும். தொடையெலும்பு வெள்ளைக் கோலாகத் தெரியும். அது கருவியின் கதிருக்குக் குறுக்காகக் கிடக்கும்போது எடுத்த அளவுதான் சரியானது.

நான்கில் எதற்கு அதிக மதிப்பு? வளர்ச்சியைப் பொறுத்தவரை வயிற்றுச் சுற்றளவுக்குத்தான். நஞ்சுக்கொடி வழியாகப் போதிய ஊட்டம் வராதபோது சிசு தன் மூளைக்குச் செல்லும் இரத்தத்தைக் காத்துக்கொள்கிறது. கல்லீரலில் சேமிப்பு குறைகிறது, தோலடிக் கொழுப்பு சேர்வதில்லை. அதனால் தலை ஒழுங்காக வளர்ந்துகொண்டிருக்க, வயிறு மட்டும் பின்தங்கும். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாத தாயின் குழந்தைக்கு இதற்கு நேர்மாறாக வயிற்றுச் சுற்றளவு மற்றவற்றை முந்தி ஓடும். சிக்கல் என்னவென்றால், நான்கில் அளப்பதற்கு மிகக் கடினமானதும் இதுதான். குழந்தை மூச்சசைவு செய்தாலும், முதுகைக் காட்டிக் கிடந்தாலும், கருவியை அழுத்திப் பிடித்தாலும் எண் மாறும்.

தலையின் குறுக்களவைப் பற்றித்தான் வீணான பயம் அதிகம். 1960களில் பிரிட்டனில் ஸ்டூவர்ட் கேம்ப்பெல் இதை முறைப்படுத்திய காலத்தில் வயதைக் கணிக்க இதுவே முதன்மை அளவாக இருந்தது. ஆனால் தலையின் வடிவம் மாறினால் இது உடனே மாறிவிடும். தலைமாறி உட்கார்ந்த நிலையில் இருக்கும் குழந்தைக்கும், பனிக்குட நீர் குறைந்த குழந்தைக்கும் தலை முன்பின்னாக நீண்டு பக்கவாட்டில் ஒடுங்கியிருக்கும். குறுக்களவு குறையும், சுற்றளவு சரியாகவே இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் எச்.சி.யைத்தான் நம்ப வேண்டும்.

ஓர் அறிக்கையைப் படித்துப் பார்ப்போம்

முதல் ஸ்கேன்படி இன்று சரியாக 32 வாரம் என்று உறுதியான ஒரு கர்ப்பத்தை எடுத்துக்கொள்வோம். மாதிரிக்காக நான் அமைத்த அறிக்கை இது. குழந்தை உட்கார்ந்த நிலையில் இருக்கிறது. பி.பி.டி. 76 மில்லிமீட்டர், எச்.சி. 292, ஏ.சி. 272, எஃப்.எல். 61. இவற்றின் அருகே இயந்திரம் முறையே ஏறக்குறைய 30½, 32, 31¼, 31½ வாரங்கள் என்று அச்சிட்டிருக்கிறது. உத்தேச எடை 1,765 கிராம்.

குடும்பத்தார் கண்ணில் முதலில் படுவது அந்த 30½. ‘தலை ஒன்றரை வாரம் சின்னது’ என்று அச்சம் தொடங்கும். ஆனால் அருகிலேயே தலைச்சுற்றளவு 32 வாரத்துக்குச் சரியாக இருக்கிறது. தலையின் குறுக்களவை நீள அளவால் வகுத்துச் சதவீதமாக்கினால் வருவது செஃபாலிக் இண்டெக்ஸ். இந்தக் குழந்தைக்கு அது 69 அளவில் வரும். பொதுவாக இது 70க்கும் 86க்கும் இடையே இருக்கும். ஆக, இது சிறிய தலை அன்று; உட்கார்ந்திருப்பதால் நீண்ட தலை. மருத்துவர் இதை ஒரு வரியில் சொல்லிவிடுவார், கேட்டால்.

அடுத்து, ‘31¼ வாரம்’ என்பதன் பொருள். இந்த வயிற்றுச் சுற்றளவுள்ள குழந்தைகளின் சராசரி வயது 31¼ வாரம் என்று மட்டுமே அது சொல்கிறது. 32 வாரக் குழந்தைகள் அனைவருக்கும் ஒரே வயிற்றளவு இருப்பதில்லை. பெரியவர்களில் ஒரே வயதில் நெட்டையும் குட்டையும் இருப்பது போலத்தான். அதனால் வாரக் கணக்கைக் காட்டிலும் பெர்சன்டைலைப் பார்ப்பது மேல். 32 வாரக் குழந்தைகள் 100 பேரை எடைப்படி சிறியவர் முதல் பெரியவர் வரை நிற்க வைத்தால் உங்கள் குழந்தை எத்தனையாவது இடத்தில் நிற்கும் என்பதுதான் பெர்சன்டைல். ஹேட்லாக் அட்டவணைப்படி 32 வாரத்தில் நடு எடை சுமார் 1,950 கிராம். நம் மாதிரிக் குழந்தையின் 1,765 கிராம் ஏறத்தாழ 22ஆம் இடத்தில் விழும். 10க்குக் கீழே போனால்தான் ‘வயதுக்குச் சிறிய குழந்தை’ என்று குறிப்பார்கள். 3க்குக் கீழே என்றால் மற்ற சோதனைகள் சரியாக இருந்தாலும் வளர்ச்சிக் குறைபாடு என்றே எடுத்துக்கொள்வார்கள். 22 என்பது இயல்பான எண்.

அந்த 1,765 கிராமும் தராசில் நிறுத்தது அன்று. உத்தேச எடையில் 15 சதவீதம் வரை ஏறக்குறைய வேறுபாடு வருவது இயல்பு; ஆக உண்மையான எடை 1,500 கிராமாகவும் இருக்கலாம், 2,030 கிராமாகவும் இருக்கலாம். போன வாரம் ஓரிடத்தில் 1,800 என்றும் இந்த வாரம் வேறோர் இடத்தில் 1,750 என்றும் வந்தால் குழந்தை இளைத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. வளர்ச்சியை அளக்க இரண்டு ஸ்கேன்களுக்கு இடையே குறைந்தது இரண்டு வாரமாவது, முடிந்தால் மூன்று வாரம் இடைவெளி வேண்டும் என்பது இதனால்தான்.

இனி, அட்டவணை யாருடையது என்பதும் முக்கியம். ஹேட்லாக் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட எடை அட்டவணை டெக்சாஸில் பெரும்பாலும் நடுத்தர வர்க்க வெள்ளையினப் பெண்களின் 392 கர்ப்பங்களை வைத்து அமைந்தது. அதன்படி 40 வாரத்தில் நடு எடை 3,600 கிராமுக்கும் மேல். நம் ஊரில் நல்ல ஆரோக்கியத்தோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் அந்த எடையை எட்டுவதில்லை. 2014இல் வெளிவந்த இண்டர்குரோத்-21 அளவுகோல் எட்டு நாடுகளில், இந்தியாவில் நாக்பூர் உட்பட, நல்ல உடல்நலமும் ஊட்டமும் உள்ள தாய்மார்களின் குழந்தைகளை அளந்து உருவாக்கப்பட்டது. ஒரே குழந்தை ஓர் அட்டவணையில் 8ஆம் இடத்திலும் மற்றொன்றில் 15ஆம் இடத்திலும் நிற்கலாம். அறிக்கையின் அடியில் எந்த அட்டவணை என்று எழுதியிருக்கும்; இரண்டு ஸ்கேன்களை ஒப்பிடும்போது இரண்டிலும் அது ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை ஒரே ஸ்கேன் சென்டரில் எடுப்பது நல்லது என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே ஒரு பெர்சன்டைலைவிட அதன் போக்குதான் அதிகம் பேசும். 20ஆம் வாரத்திலும் 28ஆம் வாரத்திலும் 34ஆம் வாரத்திலும் 12ஆம் இடத்திலேயே நிற்கும் குழந்தை பெரும்பாலும் இயல்பிலேயே சிறிய குழந்தை. தாயும் சிறிய உருவினராக இருப்பார். 28இல் 75ஆம் இடத்தில் இருந்து 34இல் 20ஆம் இடத்துக்கு இறங்கிய குழந்தை, எண்ணளவில் இன்னும் ‘நார்மல்’ என்றாலும், மருத்துவர் கவனிக்க வேண்டிய குழந்தை. அறிக்கையின் கடைசி வரியில் ‘நார்மல்’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டுப் பழைய அறிக்கைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வருபவர்களுக்கு இந்த இறக்கம் தெரியாமலே போய்விடுகிறது. ஆகவே எல்லா ஸ்கேன் அறிக்கைகளையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வைத்து ஒவ்வொரு முறையும் எடுத்துச் செல்லுங்கள்.

அளவு சொல்லாதவை

எடை குறைவு என்று கேட்டதும் வீட்டில் முதலில் நடப்பது, தாய்க்குச் சாப்பாட்டை இரட்டிப்பாக்குவது. நல்ல உணவு தேவைதான். இரத்தசோகை இருந்தால் அதைச் சரிசெய்வதும் கட்டாயம். ஆனால் நஞ்சுக்கொடியின் இரத்த ஓட்டம் குறைந்ததால் வளர்ச்சி தடைப்பட்டிருந்தால், அந்தப் பெண் எவ்வளவு சாப்பிட்டாலும் அது குழந்தைக்குப் போய்ச் சேராது. ‘நீ ஒழுங்கா சாப்பிடல’ என்று அவர்மேல் பழி போடுவது கொடுமை. அங்கே தேவைப்படுவது டாப்ளர் ஸ்கேன். தொப்புள்கொடித் தமனியிலும் குழந்தையின் மூளைத் தமனியிலும் இரத்தம் ஓடும் விதத்தை அது காட்டும். சிறிய குழந்தை ஆரோக்கியமான சிறிய குழந்தையா, ஊட்டமின்றித் தவிக்கும் குழந்தையா என்பதைப் பிரித்தறிய ஃபீட்டோமெட்ரி மட்டும் போதாது. டாப்ளரும் பனிக்குட நீரின் அளவும் சேர்ந்தால்தான் மருத்துவரால் முடிவெடுக்க முடியும். ஏ.எஃப்.ஐ. எனப்படும் நீரின் அளவு 5 முதல் 25 சென்டிமீட்டர் வரை இயல்பு. 8 அல்லது 9 என்று வந்தாலே ‘தண்ணி கம்மி’ என்று பதற வேண்டியதில்லை.

அதேபோல் அளவுகள் அனைத்தும் சரியாக இருப்பதால் உறுப்புகளில் குறையில்லை என்று ஆகிவிடாது. அதற்கென்றே 18 முதல் 20 வாரத்துக்குள் அனாமலி ஸ்கேன் எடுக்கப்படுகிறது. எந்த ஸ்கேன் எவ்வளவு நன்றாக இருந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்துவிட்டதாகத் தோன்றினால், இரத்தக்கசிவோ நீர்க்கசிவோ இருந்தால், தலைவலியும் கண்மங்கலும் சேர்ந்து வந்தால், அடுத்த ஸ்கேன் தேதி வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நேற்றைய அளவு இன்றைய நிலைக்குச் சான்றாகாது.

இன்னொன்றும் இந்த அறிக்கைகளில் இருக்காது, இருக்கவும் கூடாது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி சிசு ஆணா பெண்ணா என்பதை ஸ்கேன் செய்பவர் தெரிவிப்பது தண்டனைக்குரிய குற்றம். ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் அதை அறிய விரும்பவில்லை என்ற கையொப்பம் வாங்கப்படுவதும், அறிக்கையின் கீழே மருத்துவரின் உறுதிமொழி இடம்பெறுவதும் அதனால்தான். தலைச்சுற்றளவு, இதயத்துடிப்பு ஆகியவற்றை வைத்து ஆண், பெண் சொல்லும் கணக்குகள் எதற்கும் மருத்துவ ஆதாரம் இல்லை. சிசுவின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருப்பது இரு பாலினருக்கும் பொது.

மருத்துவரைப் பார்க்கும் நேரம் சில நிமிடங்கள்தான் என்பதால், கேள்விகளை முன்பே எழுதிக்கொண்டு செல்லுங்கள். என் பிரசவத் தேதி எந்த ஸ்கேனின்படி முடிவானது, இன்றைய எடை எத்தனையாவது பெர்சன்டைல், போன முறை எத்தனையாக இருந்தது, வயிற்றுச் சுற்றளவு தனியாக எந்த இடத்தில் நிற்கிறது, டாப்ளர் தேவையா, அடுத்த ஸ்கேன் எப்போது. இந்த ஆறு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டால், அறிக்கையிலுள்ள மற்ற எண்களைப் பற்றி நீங்கள் இரவெல்லாம் யோசிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இராது.